யார் முன்னே என்று விசாரித்த கமிஷன்

துப்ராவ்கா ஜிகிச் வாழ்க்கையின் பெரும்பகுதியை வரிசையின் கடைசியில் நின்று கழித்தவள். லத்தீன் எழுத்தில் பெயர்ப் பதிவு வைக்கிற ஆசிரியர் வகுப்புக்கு வந்தால் அவள் பெயரின் முதலெழுத்து முப்பதாவது. அதற்குப் பிறகு எழுத்தே கிடையாது. தடுப்பூசி போடுகிற நாளில் வகுப்பு முழுவதும் அழுது முடித்த பிறகுதான் அவள் முறை வரும். பல்கலைக்கழகத்தின் வாய்மொழித் தேர்வில் பேராசிரியருக்குப் பசி எடுத்து, மேல்கோட்டை மாட்டிக் கிளம்பலாமா என்று யோசிக்கிற நேரத்தில் அவள் உள்ளே நுழைவாள். சிரிலிக் எழுத்தில் பதிவு வைக்கிற ஆசிரியர் வந்தால் மட்டும் எட்டாவது எழுத்துக்குத் தாவிவிடுவாள். பெண் அவளேதான், பெயரும் அதேதான். எழுத்து மாறினால் இடம் மாறும்.

செர்பியாவின் நோவி சாத் நகரில் எல்லாரும் இரண்டு எழுத்தையும் படிப்பார்கள், இரண்டிலும் எழுதுவார்கள். காலையில் படித்த செய்தித்தாள் எந்த எழுத்தில் இருந்தது என்று மாலையில் கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. அதனால் பல்கலைக்கழகத்துக்கு டைரக்டரி சர்வர் வரும்வரை இதை ஒரு பிரச்சினை என்று யாரும் நினைக்கவில்லை.

சர்வர் அந்த வருஷம் வசந்தகாலத்தில் வந்தது. ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்களின் பெயர், அறை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. தத்துவக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் சிரிலிக்கில் ஏற்றின. தொழில்நுட்பக் கல்லூரி லத்தீனில் ஏற்றியது. மருத்துவக் கல்லூரியில் அன்றைக்கு எந்தச் செயலாளர் உட்கார்ந்திருந்தாளோ அவள் கைக்கு வந்த எழுத்தில் ஏற்றினாள். சர்வரைக் கேட்டுப் பதிலை வாங்கித் திரையில் காட்டுகிற நிரலை சி மொழியில் எழுதியவள் துப்ராவ்கா. கணினி மையத்தில் பதினேழு வருஷமாக அவள் சி மொழிதான் எழுதிக்கொண்டிருந்தாள். நிரல் நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு குறை. சர்வர் கேட்டதைக் கொடுக்கும். வரிசையாகக் கொடுக்கிறேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

முதலில் கூப்பிட்டவள் தொலைபேசி அறையின் தலைவி ரூஜா அச்சிமோவிச். பல்கலைக்கழகத்துக்கு வருகிற அழைப்பு எல்லாம் அவளும் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற இரண்டு பெண்களும் வாங்கி, ஆள் தேடி இணைத்துவிடுபவைதான்.

"ஏண்டி துப்ராவ்கா, இது டைரக்டரியா, மீன் சந்தையா? பெத்ரோவிச்னு அடிச்சா எண்பது பேர் வந்து நின்னு கத்துறாங்க. மிலான் மேல, ஆன்யா கீழ, நடுவுல போன வருஷம் செத்துப்போன ஒருத்தர்!"

"செத்தவரை எடுக்கச் சொல்றேன், ரூஜா."

"அவர் இருந்துட்டுப் போகட்டும். அவர் ஒருத்தர்தான் சத்தம் போடாம இருக்கார். மத்தவங்களை வரிசையா நிக்க வை."

சின்ன வேலை என்று துப்ராவ்கா நினைத்தாள். சர்வரோடு பேச மற்றவர்கள் எழுதித் தொகுத்து வைத்த நிரல் நூலகத்திலேயே அடுக்கிக் கொடுக்கிற வசதி இருந்தது. எந்தத் தகவலை வைத்து அடுக்குவது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரில் யார் முன்னே, யார் பின்னே என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சிறு நிரல் துண்டைக் கொடுக்க வேண்டும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். சி மொழியில் எப்போதும் கையருகே கிடக்கிற சாதாரண ஒப்பீட்டையே கொடுத்தாள். கோப்பையில் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

மறுநாள் காலை அவளுக்கு முன்னாலேயே அவள் அறையில் பேராசிரியர் வுச்சேதிச் உட்கார்ந்திருந்தார். தத்துவக் கல்லூரியில் மொழித்துறை அவருடையது. தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்திருந்தார்.

"அம்மணி, உங்க மெஷின்ல நேத்து ஒரு பேரைத் தேடினேன். லத்தீன்ல இருக்கிற கடைசி உதவியாளன், லேப்ல குப்பி கழுவுற பையன் வரைக்கும் எல்லாரும் வந்து முடிஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் எங்க கல்லூரி ஆரம்பிச்சுது. எங்க எழுத்து என்ன, பாதாளத்துல கிடக்கணும்னு விதியா?"

அவர் சொன்னது உண்மைதான். கணினிக்குத் தெரிந்த எண் வரிசையில் சிரிலிக் எழுத்துகள் எல்லாம் லத்தீனுக்குப் பின்னால் வருபவை. அது போதாதென்று, தலையில் கொக்கியும் கோடும் போட்ட லத்தீன் எழுத்துகளும் மற்ற லத்தீன் எழுத்துகளுக்கெல்லாம் பின்னால் விழுந்திருந்தன. மத்தியானத்துக்குள் அப்படிப்பட்ட பெயர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் கொடுங்க, புரொபசர். ரெண்டு எழுத்தையும் ஒண்ணாக் கலந்து, ஒரே வரிசையாக் கொண்டு வந்துடறேன்" என்றாள் துப்ராவ்கா.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணினி மையத் தலைவர் ராதிவோய் நல்ல மனிதர். எல்லாரிடமும் யோசனை கேட்டுச் செய்வதுதான் மரியாதை என்று நம்புகிறவர். வுச்சேதிச்சை வழியனுப்ப வாசல்வரை போனவர், "சரி புரொபசர், எந்த வரிசை வச்சா உங்களுக்கு வசதி?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தின் துணை ரெக்டர் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது.

கமிஷனில் வுச்சேதிச் இருந்தார். தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் சூர்ச்சின் வந்தார். பாலம் கட்டுகிற படிப்பில் பெரிய கை, வாயும் பெரிது. ஹங்கேரிய மொழித் துறையிலிருந்து ஹாய்னல்கா செகெரெஷ் வந்தாள். கையோடு கொண்டுவந்த பின்னல் வேலையிலிருந்து தலை தூக்கவில்லை. துப்ராவ்கா விளக்கம் சொல்ல அழைக்கப்பட்டிருந்தாள்.

"இந்த நாட்டுக்கு ஓர் எழுத்து இருக்கு" என்று தொடங்கினார் வுச்சேதிச். "சிரிலிக் வரிசைதான் வரிசை. இதுல பேச என்ன இருக்கு?"

"கம்ப்யூட்டர் உலகத்துக்கு ஓர் எழுத்து இருக்கு. லத்தீன்" என்றார் சூர்ச்சின். "வெளிநாட்டுலேருந்து ஒரு விருந்தாளி வந்து என்னைத் தேடினா, உங்க வரிசையில மூணு நாள் தேடணும்."

"உங்களைத் தேடி வெளிநாட்டுலேருந்து எதுக்கு வரணும்? கட்டின பாலம் எங்கன்னு கேக்கவா?"

துணை ரெக்டர் காபி வரவழைத்தார். அடுத்த கூட்டத்திலும் இதே பேச்சு, இதே காபி. அதற்கடுத்த கூட்டத்தில் ஒரு துணைக் கமிஷன் போடலாமா என்று பேசினார்கள். இதற்கிடையில் ரூஜா மீன் சந்தையிலேயே ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்றாவது கூட்டத்தில்தான் அது நடந்தது. துப்ராவ்கா பொறுமை இழந்து, "எந்த வரிசைனாலும் சரி, ஒண்ணு சொல்லுங்க. நிரல்ல ரெண்டுமே செய்ய முடியும். இப்போதைக்குச் சிரிலிக்ல ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். சூர்ச்சின் நாற்காலியில் சாய்ந்து, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"அதானே பார்த்தேன்! ஜிகிச் அம்மணி லத்தீன்ல முப்பதாவது எழுத்து. சிரிலிக்ல எட்டாவது. ஒரே தாவா இருபத்திரண்டு படி. இந்தப் பதவி உயர்வை எங்களுக்கும் யாராவது குடுக்கக் கூடாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். வுச்சேதிச்சும் சிரித்தார். துப்ராவ்காவுக்குக் காது மடல் வரை சுட்டது. தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தவள், நேராகக் கீழ்த்தளத்துக்கு, தொலைபேசி அறைக்குப் போனாள்.

நடந்ததை ரூஜா கேட்டுவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். விரல்களை நீட்டி எழுத்துகளை முணுமுணுத்து எண்ண ஆரம்பித்தாள். முதலில் லத்தீன், அப்புறம் சிரிலிக்.

"அடப்பாவி மனுஷா! சூர்ச்சின் லத்தீன்ல அஞ்சாவது எழுத்துடி. சிரிலிக்ல இருபத்து மூணு. உன்னைச் சொல்றாராம், உன்னை! இரு, இரு. வுச்சேதிச் சிரிலிக்ல முன்னாலேருந்து மூணாவது. லத்தீன்ல..." மறுபடி விரல்கள். "பின்னாலேருந்து மூணாவது! ஐயோ, இவங்க ரெண்டு பேரும் தாய்மொழிக்கும் உலகத்துக்கும் சண்டை போடறாங்கன்னு நினைச்சேனே. முதல் சீட்டுக்கு அடிச்சுக்கறாங்க."

துப்ராவ்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இப்ப போய் அவர் மூஞ்சில சொல்லட்டுமா?"

"சொன்னா நாலாவது கூட்டம் போடுவாங்க. சொல்லாதே. செஞ்சு காட்டு." ரூஜா சிரித்தாள். "எனக்கென்ன, நான் அச்சிமோவிச். எந்த எழுத்துல பார்த்தாலும் நான்தான் முன்னால. நீயும் முதலெழுத்தைப் பார்த்துப் புருஷனைக் கட்டியிருக்கணும்."

துப்ராவ்கா மேலே போய் உட்கார்ந்தாள். ஒரே பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் ஒரே எண் வரிசையாக மாறவேண்டும். அதுதான் முதல் வேலை. லத்தீனில் இரண்டு குறி சேர்ந்து ஓர் எழுத்தாகிற இடங்கள் உண்டு. 'ல்ய' ஒலிக்கு லத்தீனில் இரண்டு குறி, சிரிலிக்கில் ஒன்று. அதையெல்லாம் பிடித்து, முப்பது எழுத்துக்கும் அட்டவணை எழுதினாள். சிரிலிக் வரிசைக்கு ஓர் அட்டவணை, லத்தீன் வரிசைக்கு இன்னொன்று. தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தாள். சிரிலிக் பெத்ரோவிச்சும் லத்தீன் பெத்ரோவிச்சும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். எழுந்து ஜன்னலைத் திறந்து, தென்கிழக்கிலிருந்து வீசுகிற கோஷவக் காற்றை முகத்தில் வாங்கினாள்.

ஆனால் ரூஜாவின் பழைய இயந்திரத்தில் அது படுத்துவிட்டது. யோவனோவிச் என்று அடித்தால் நானூறு பேர். திரை அப்படியே உறைந்து நின்றது. அழைத்தவர் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நானே நடந்து போய் அந்த யோவனோவிச்சைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாள் ரூஜா.

துப்ராவ்கா நின்றபடியே யோசித்தாள். இரண்டு பேரை ஒப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அவள் எழுதிய துண்டு இருவர் பெயரையும் முதலிலிருந்து எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணாக்கிக்கொண்டிருந்தது. நானூறு பேரை அடுக்க ஆயிரக்கணக்கில் ஒப்பீடு. ஒவ்வொரு யோவனோவிச்சையும் திரும்பத் திரும்ப உரித்து, திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள்! நாடக அரங்கின் வாசலில் வருகிறவர்களின் மேல்கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு எண் சீட்டுக் கொடுக்கிறார்களே, அப்படிச் செய்தால் போதும். உள்ளே வரும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை எண் சீட்டு. பிறகு ஆட்களை ஒப்பிட வேண்டாம், சீட்டை ஒப்பிட்டால் போதும்.

நூலகம் கொடுத்த அடுக்கும் வசதியை ஓரம் வைத்துவிட்டாள். சர்வர் கொடுத்த பதில்களைத் தானே ஓர் அணியில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, சி மொழியின் சொந்த அடுக்கும் கருவியிடம் கொடுத்தாள். ரூஜா பொத்தானை அழுத்தினாள். விரலை எடுப்பதற்குள் நானூறு யோவனோவிச்களும் திரையில் வரிசையாக நின்றார்கள்.

ரூஜா பட்டியலின் அடிவரை இறங்கிப் பார்த்தாள். "அம்மாடி" என்றாள் கடைசியில்.

இனி மிச்சமிருந்தது கமிஷன் மட்டும். துப்ராவ்கா மறுநாள் காலையில் நிரலைத் திறந்துவைத்து, அடுக்கும் கருவியைக் கூப்பிடுகிற வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி ஒப்பிடுவது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ஒப்பிடுகிற துண்டை ஒவ்வொரு தடவையும், கூப்பிடுகிற அந்த நொடியில், கையில் கொடுக்க வேண்டும். பதினேழு வருஷமாக அந்த இடத்தில் எதையோ ஒன்றை எழுதி நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறாள். ஏன் ஒன்றையே கொடுக்க வேண்டும் என்று அவள் யோசித்ததே இல்லை. கேட்கிற ஆள் யார் என்று நிரலுக்குத் தெரியும், உள்ளே வரும்போதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் வருகிறார்கள். அந்த ஆளின் விவரத்தில் இன்னொரு தகவலும் சர்வரில் இருந்தது. நிர்வாகம் அனுப்புகிற கடிதம் எந்த எழுத்தில் வரவேண்டும் என்று அவரவரே சொன்னது.

ராதிவோயைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு மூக்கை ஒட்டிவைத்துப் படித்தார்.

"அதாவது, யார் கேக்கறாங்களோ அவங்க வரிசை?"

"ஆமா தலைவரே."

"கமிஷன் ஒத்துக்குமா?"

"கமிஷன் எதுக்கு ஒத்துக்கணும்? ஒவ்வொருத்தரும் ஏற்கெனவே சொல்லிட்டாங்க. நாமதான் கேட்டுக்கலை."

ராதிவோய் தாடையைத் தடவினார். இந்தத் தடவை யாரிடமும் யோசனை கேட்காமல், "ஓட்டிடு" என்றார்.

செப்டம்பர் கடைசியில் கமிஷன் நாலாவது தடவை கூடியது. மேஜைமேல் மூன்று இயந்திரங்களை வைத்திருந்தார்கள். ரூஜாவும் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். வேலையை யார் பார்க்கிறார்கள் என்று துணை ரெக்டர் கேட்டதற்கு, "பெண்கள் பாத்துக்குவாங்க, இதை நான் பாக்கணும்" என்று பதில் சொன்னாள்.

"உங்க பேரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ள வாங்க. கமிஷன் உறுப்பினர், கல்லூரித் தலைவர் எல்லாரையும் தேடுங்க" என்றாள் துப்ராவ்கா.

வுச்சேதிச் ஒற்றை விரலால் அடித்தார். பட்டியல் வந்தது. அவர் பெயர் மேலே, ஆரம்பத்திலேயே. மூச்சை மெல்ல விட்டு, தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் சூர்ச்சினும் தன் பட்டியலைப் பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியவில்லை.

"நல்ல வேலை அம்மணி" என்றார் வுச்சேதிச். தோற்றவனுக்குக் கை கொடுப்பதுபோல் எதிரே பார்த்து, "சூர்ச்சின், மனசுல வச்சுக்காதீங்க. உங்க பக்கத்துலயும் கொஞ்சம் ஞாயம் இருந்துது" என்றார்.

"சேச்சே, உங்க பக்கத்துலயும்தான்" என்றார் சூர்ச்சின், அதைவிடப் பெருந்தன்மையோடு. "பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுத்தீங்க பாருங்க, அதை நான் மறக்க மாட்டேன்."

"நான் விட்டுக் கொடுத்தேனா? நீங்கதானே..."

நடுவில் உட்கார்ந்திருந்த ஹாய்னல்கா இடப்பக்கத் திரையைப் பார்த்தாள். வலப்பக்கத் திரையைப் பார்த்தாள். பின்னல் ஊசி கைநழுவித் தரையில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. இரண்டு பேராசிரியர்களும் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, ஒருவர் திரையை இன்னொருவர் பார்த்தார்கள்.

"இது ஏமாத்து வேலை!" என்றார் சூர்ச்சின். முகம் சிவந்துவிட்டது. "ஒரே கேள்விக்கு ரெண்டு பதிலா? எது நிஜமான வரிசை?"

துப்ராவ்கா எழுந்தாள். பள்ளியில் கடைசியாகப் பெயர் கூப்பிடும்போது எழுந்திருப்பது போல அல்ல, வேறு மாதிரி எழுந்தாள்.

"சர்வர்ல வரிசையே கிடையாது, புரொபசர். எப்பவும் இருந்ததில்லை. அது ஆளைக் கொடுக்கும், அவ்வளவுதான். அடுக்கறது என் நிரல். எப்படி அடுக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. கடிதம் லத்தீன்ல வரணும்னு நீங்க சொல்லியிருக்கீங்க, சிரிலிக்ல வரணும்னு வுச்சேதிச் சார் சொல்லியிருக்கார். அதையே எடுத்துக்கிட்டேன். மாத்தணும்னா மாத்திக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனா அவருக்கு எது மேலன்னு நீங்க மாத்த முடியாது. உங்களுக்கு எதுன்னு அவரும் மாத்த முடியாது."

"அப்படியா?" சூர்ச்சின் விடவில்லை. "அப்போ நீங்க? உங்க திரையில என்ன ஓடுது? எட்டாவது எழுத்துதானே?"

துப்ராவ்கா மூன்றாவது இயந்திரத்தின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கணினி மையத்து ஆட்களின் பட்டியல். எல்லாருக்கும் கீழே, கடைசி வரியில், ஜிகிச்.

"லத்தீன். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நானே சொன்னது. முப்பதாவது இடம் எனக்குப் பழக்கம்தான், புரொபசர். உங்களுக்கு இருபத்து மூணாவது பழக்கமில்லைபோல."

அறை வெடித்தது. முதலில் சிரித்தது துணை ரெக்டர். ரூஜா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். வுச்சேதிச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு ஓய்ந்ததும் அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "நானும் பெரிய யோக்கியன் இல்லை. லத்தீன்ல நான் கடைசிப் பெஞ்சு" என்றார் மெதுவாக. சூர்ச்சின் கொஞ்ச நேரம் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டினார். முதலில் துப்ராவ்காவிடம், அப்புறம்தான் வுச்சேதிச்சிடம்.

"பாலத்துக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் ஏறலாம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

"சரி, தொலைபேசி அறை?" என்றார் துணை ரெக்டர். "அவங்க ஊருக்கே தேடறாங்க. அங்க எந்த வரிசை?"

ரூஜா எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை, இப்பவாவது கேட்டீங்களே. எனக்கு முதல்ல கட்டடம், அப்புறம் பேரு. கூப்பிடறவங்க 'ஆத்தங்கரைக் கட்டடத்துல இருக்கிற பெத்ரோவிச்'னுதான் சொல்றாங்க. பேரு எந்த எழுத்துல வந்தாலும் எனக்குக் கவலையில்லை."

"அது போன வாரமே தயார்" என்றாள் துப்ராவ்கா.

துணை ரெக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அப்போது ஹாய்னல்கா தொண்டையைக் கனைத்தாள். கமிஷன் தொடங்கிய நாளிலிருந்து அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"எங்க எழுத்து? என் பேரு செகெரெஷ். முதல் ரெண்டு குறியும் சேர்ந்து எங்களுக்கு ஒரே எழுத்து. அதுக்குன்னு தனி இடம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறதைப் பார்த்து, நாம கேட்டா இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

இரண்டு பேராசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துப்ராவ்கா ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினாள்.

"உங்க எழுத்தையெல்லாம் வரிசையா எழுதிக் கொடுங்க. இன்னொரு அட்டவணை, அவ்வளவுதான். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஓடும்."

"நாளைக்கா?"

"ஸ்லோவாக் மொழிக்காரங்களுக்கும் வேணும்னா கூடவே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. உட்கார்ந்ததோட அதையும் முடிச்சுடறேன்."

மறுநாள் மத்தியானம் ஹாய்னல்கா தன் பெயரைத் தன் எழுத்தின் இடத்தில் பார்த்தாள். அடுத்த நாள் ஒரு பெரிய டப்பா நிறைய குட்டிக் குட்டி பொகாச்சா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து கணினி மையத்து மேஜையில் வைத்தாள். ராதிவோய் ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனை மொழி பாக்கி இருக்குன்னு விசாரிங்க" என்றார்.

அக்டோபர் முதல் தேதி வகுப்புகள் தொடங்கின. அந்த நாள் தொலைபேசி அறைக்கு ஒவ்வொரு வருஷமும் போர்க்களம். பெற்றோர், மாணவர், விடுதி கேட்பவர், தேர்வுத் தேதி கேட்பவர் என்று ஊரே கூப்பிடும். பலகையில் சிவப்பு விளக்குகள் நிறைந்து, காத்திருப்பவர்கள் கோபத்தில் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள். துப்ராவ்கா ஒரு ஸ்டூலைப் போட்டு ரூஜாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஏதாவது விழுந்தால் எடுத்து நிறுத்தத்தான்.

எதுவும் விழவில்லை. ரூஜா பெயரை அடிப்பாள், கண்ணை ஓட்டுவாள், இணைப்பாள். அவளுடைய பெண்களும் அப்படியே. ஒரு கிழவர் தன் பேத்தியின் பேராசிரியர் யாரென்று தெரியாமல், "உயரமா, கொஞ்சம் திக்கிப் பேசுவாரே, மருத்துவக் கல்லூரி பக்கம்" என்றார். ரூஜா கட்டடத்தைப் பிடித்து, வரிசையில் இறங்கி, மூன்று பெயருக்குள் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். கிழவர் நன்றி சொல்லி முடிக்கவில்லை, அடுத்த அழைப்பு போய்விட்டிருந்தது. விளக்குகள் ஏறின, இறங்கின. பதினோரு மணி வாக்கில் பலகை முழுவதும் ஒரு கணம் இருட்டாக இருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை.

மூன்று பெண்களும் கையைத் தூக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தார்கள்.

"கெட்டுப்போச்சா?" என்றாள் சின்னவள்.

"கெட்டுப்போகலைடி" என்றாள் ரூஜா. "காத்திருக்க ஆள் இல்லை."

நாற்காலியோடு சுழன்று திரும்பி, துப்ராவ்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம் என்று மூன்று முத்தம் கொடுத்தாள். ராதிவோய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கோட்டுக்குள் பிளம் சாராயப் பாட்டில். வேலை நேரத்தில் கூடாது என்று அவர் மற்றவர்களுக்கு எழுதி ஒட்டிய அறிவிப்பு அவர் முதுகுக்குப் பின்னாலேயே சுவரில் இருந்தது. காபிக் கோப்பைகளில் ஆளுக்கு ஒரு விரல் ஊற்றினார்.

"யாருக்கு?" என்றார் கோப்பையைத் தூக்கி.

"எல்லா யோவனோவிச்சுக்கும்" என்றாள் துப்ராவ்கா.

குடித்தார்கள். தொண்டை எரிந்தது, கண் நிறைந்தது. பலகையில் ஒரு விளக்கு எரிந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒரு டஜன். ரூஜா கோப்பையை ஓரம் தள்ளி, காதில் மாட்டிக்கொண்டு, வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

"பல்கலைக்கழகம், வணக்கம்! சொல்லுங்க, யாரைத் தேடணும்?"